தோட்டாவுக்கு இட்ட சந்தனம்

சங்கும் சக்கரமும் வில்லும் வாளும் கதையும் தாங்கி, அடியார் அஞ்சும் முன்னே வந்து நிற்கும் நீர்வண்ணன் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன்.

அன்று விஜயதசமி, திருவோணமும் கூடிய நன்னாள். நீராடித் திருமண் இட்டு, சட்டைக்குள் மறைந்துவிடும் என் சிறு கைத்துப்பாக்கியுடன் பயிற்சிக் களத்துக்குப் புறப்பட்டேன். எழுபதைக் கடந்த நெஞ்சு அப்படித் துள்ளும் என்று நான் எண்ணியதே இல்லை.

தாம்பரத்தில் எங்கள் காலனிக் கோயில் பெருமாளின் நகைகள் நவராத்திரிக்கு வங்கிப் பெட்டகத்திலிருந்து வரும். விழா முடிந்ததும் திரும்பும். உரிமம் பெற்ற துப்பாக்கியோடு அவற்றுக்குத் துணை போவது பல ஆண்டுகளாக என் கைங்கரியம். இம்முறை நகைகள் திரும்பும் முன் கோயில் செயலாளர் நிபந்தனை விதித்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார், வயசாயிடுச்சு. இடுப்புல வெச்சுக்கற அதே தோட்டால பத்து ரவுண்டு, நான் பார்க்கத் தடங்கல் இல்லாம சுடுங்க. இல்லேன்னா செக்யூரிட்டி ஏஜென்சி ஆளைப் போட்டுடலாம்."

விழாவுக்கு முன்பே தோட்டா வாங்கச் சென்றிருந்தேன். கடைக்கார பாய் இரண்டு வகைப் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது பழகறதுக்கு சார், இது இடுப்புல வெச்சுக்க. ரெண்டும் ஒரே எடை, கை தடுமாறாது. ஆனா வெச்சுக்கறதையும் உங்க துப்பாக்கில போட்டுப் பார்த்துடுங்க. சின்ன துப்பாக்கி, சாப்பாட்டுல ரொம்ப ஆசாரம் பார்க்கும்!"

"அப்போ எங்காத்துக்கு ஏத்ததுதான், பாய்" என்றேன்.

களத்தில் பயிற்சித் தோட்டாக்கள் ஒவ்வொன்றும் இனிதே பாய்ந்தன. செயலாளரின் முகத்தைப் பெருமையுடன் பார்த்துவிட்டு மற்ற வகையை இட்டேன். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது பாதி வழியில் சிக்கி நின்றது.

"ஏஜென்சிக்கு போன் பண்ணிடவா, சார்?" என்றார் செயலாளர்.

களப் பொறுப்பாளர், விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், துப்பாக்கியை வாங்கிப் பிரித்தார். சிக்கிய தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னா சார் இது, தோட்டாவுக்குப் பொட்டு வெச்சு கீறீங்க! கல்யாணமா?"

முந்தைய நாள் ஆயுத பூஜை. காப்பதற்கென்று வைத்த தோட்டாக்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தேன். பக்தி காய்ந்து கட்டியாகி இருந்தது.

"துடைச்சாலும் இதை நம்பாதீங்க. பெட்டில மிச்சம் கீதா?" என்றார் அவர்.

இருந்தன, பூஜை காணாதவை. ஒரு கணம் மனம் தயங்கியது. பிறகு, பெருமாளுக்குச் சுத்தமான பித்தளையும் சம்மதமே என்று தேறினேன். பொறுப்பாளர் துப்பாக்கியைத் துடைத்துத் தந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டாவதில் மூச்சை மறந்தேன். பத்தாவது உறை தெறித்துத் தரையில் விழுந்து மணிபோல் ஒலித்தபோது, என்னையறியாமல் "கோவிந்தா!" என்று கூவிவிட்டேன். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தனர்.

செயலாளர் காதிலிருந்த அடைப்பானைக் கழற்றினார். "நாளைக்குப் பத்து மணிக்கு ரெடியா இருங்க சார். கார் அனுப்பறேன்."

மறுநாள் ஜிஎஸ்டி சாலையின் நெரிசலில், நகைப் பேழை என் மடியில் ஒரு குழந்தையைப் போல் அமர்ந்து வந்தது. துப்பாக்கிக்கு வேலை வரவில்லை. பெட்டகக் கதவு சாத்தும் ஓசை கேட்ட பின்னரே என் கை இடுப்பை விட்டு விலகியது.

இதைப் படிப்போர் இல்லங்களில் அச்சம் அண்டாதிருக்கட்டும். அவர்கள் போற்றும் அனைத்தும் பத்திரமாகத் திரும்பி வரட்டும்.