இடது கை தூக்கியவர்களின் டீச்சர்

பார்வதி டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே வந்திருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வகுப்பு வாசலில் நின்றார். "அக்கா கார்த்தால போயிட்டா, சார். ஸ்கூல்ல மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணித்து" என்றார். டைபாய்டு. பதினெட்டு நாள் படுக்கை. காய்ச்சல் இறங்கிவிட்டது என்றுதான் முந்தின வாரம் கேள்விப்பட்டிருந்தோம். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் பெரிய சார் என்னைக் கூப்பிட்டு, "பக்கத்து வகுப்புலயே இத்தனை வருஷம் இருந்தீரு. அவங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை நீரே எழுதும்" என்றார். நல்ல வார்த்தைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் இதை வாசிக்கப்போகிற நீங்கள் அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் அவருக்குச் செய்த ஒரு காரியம் உங்களில் யாருக்கும் தெரியாது. அதை மறைத்துவிட்டு எழுதினால், அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் பார்வதி டீச்சர், இந்தப் பக்கம் நான். அவர் பாலக்காட்டுக் குடும்பம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து தாராவியில் குடியேறியவன். அவர் வகுப்பு மெதுவாகப் பேசும், என் வகுப்பு ஒரே குரலில் முழங்கும். "உங்க பதினாறாம் வாய்ப்பாடு என் பசங்களுக்கும் மனப்பாடம் ஆயிடுத்து, சார்" என்பார். பாராட்டா கேலியா என்று அப்போது எனக்குப் பிடிபட்டதில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

உலகப் போர் முடிந்த மறு வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆறு மாதம் பார்த்துவர ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. அவரும் எழுதிப் போட்டார், நானும் எழுதிப் போட்டேன். அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். என் இங்கிலீஷ் எத்தனை நல்லது என்று என் விண்ணப்பத்தைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவர் கப்பல் ஏறியபோது ஒரு கொடி பறந்தது, திரும்பி வந்து இறங்கியபோது வேறு கொடி பறந்தது. கப்பல் வந்து நிற்கும் பல்லார்ட் பியருக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். அவரிடம் பெரிய தகரப்பெட்டி ஒன்று இருந்தது. சுங்க அதிகாரி அதைத் திறக்கச் சொன்னார். ஆளுக்கொரு பேனாவாவது இருக்கும் என்று நாங்களும் எட்டிப் பார்த்தோம். உள்ளே காய்ந்த இலைகள், சின்னப் பிள்ளைகள் வரைந்த படங்கள், காலித் தீப்பெட்டிகள், பதினோரு நோட்டுப் புத்தகங்கள். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் போனீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

கொண்டுவந்ததில் எல்லாமே இங்கே செல்லுபடியாகவில்லை. அங்கே பிள்ளைகள் தினமும் காலையில் வானத்தைப் பார்த்து, வெயில், மேகம், மழை, உறைபனி என்று ஒரு அட்டையில் குறிப்பார்களாம். அதே அட்டையை இங்கேயும் வரைந்து மாட்டினார். தாராவியில் உறைபனிக்கு ஒரு கட்டம்! வெயில் கட்டம் மட்டும் நாள் தவறாமல் நிரம்பியது. நான் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், இன்னைக்காவது பனி பெஞ்சுதா?" என்று தினமும் கேட்பேன். ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார். பிறகு அந்த அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினார். 'இன்று குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது?' என்று மேலே எழுதியிருந்தது. குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியமான செய்தி எது? இரண்டே வாரத்தில் அந்த வகுப்பு முழுவதும் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டது. என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது வராது.

அதன் பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், ஒரு நாழி உங்க கிளாஸ்ல பின்னால ஒக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு டீச்சர்? வேவு பாக்கவா?"

"அங்கே அவா அப்படித்தான் பண்றா. ஒருத்தர் கிளாஸ்ல இன்னொருத்தர் போய் ஒக்காந்து பாக்கறா. குத்தம் கண்டுபிடிக்க இல்லை. அப்பறம் ரெண்டு பேருமா டீ குடிச்சுண்டு பேசறா. நமக்குக் காப்பி. நான் ஃபிளாஸ்க்ல கொண்டு வரேன்."

நம் ஊரில் இன்னொருவர் வகுப்பில் வந்து உட்காருகிறவர் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். எனவே நான் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் செய்வதையே செய்தேன். சலவைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளிடம், "ஏல, டீச்சர் வாராவ. கை ஞாபகம் இருக்கட்டும்" என்று எச்சரித்து வைத்தேன்.

அந்தக் கை விஷயத்தை விளக்கியாக வேண்டும். கேள்வி கேட்டதும் வகுப்பில் எல்லாரும் கை தூக்கிவிட வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நான் வலது கைகளில் ஒன்றைப் பார்த்துக் கூப்பிடுவேன். இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில், பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். நாற்பது கைகள் ஒரே நேரத்தில் எழுந்தால் எதிரே இருப்பவர் கண்ணுக்கு எது வலது, எது இடது? எல்லாருக்கும் தெரிகிறது என்று எழுதிவிட்டுப் போவார். நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை; எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பார்வதி டீச்சர் எதிரே உட்காரவில்லை. கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு வலது வலதுதான், இடது இடதுதான். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. மணி அடித்ததும் ஃபிளாஸ்கைத் திறந்து காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இருபத்தாறு எடது கை, சார். அதுல ஒருத்தரைக்கூட நீங்க கூப்பிடலை" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "நாலாவது வரிசையில ஒரு பொண்ணு, இசக்கியம்மா. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எடது கையைத் தூக்கிடறாள். அவளை நீங்க எப்போ கடைசியா கூப்பிட்டேள்?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வருஷம் முழுவதும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

"ஆனா இது ரொம்ப நல்ல ஏற்பாடு, சார்" என்றார். கேலி என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார். "யாருக்குத் தெரியலைன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடறது. இப்படி ஒண்ணு நான் அங்கேகூடப் பாக்கலை. நீங்க வலது கையைக் கூப்பிடறேள். நான் எடது கையைக் கூப்பிட்டுப் பாக்கறேன்."

அப்படியே செய்தார். தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும், அவர்களிடம்தான் முதலில் போவார். "எது தெரியலை? எது வரைக்கும் தெரியறது?" என்று கேட்பார். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு அது தினமும் கேட்கும். தெரியாது என்று சொல்லும் பிள்ளையை அடிக்காமல் கேள்வி கேட்கிறார் என்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. "பின்பெஞ்சு அங்கேர்ந்து கொண்டு வந்தது. எடது கை உங்ககிட்டேர்ந்து எடுத்துண்டது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பயம், எங்கே யாராவது அது என்ன இடது கை என்று விசாரித்துவிடுவார்களோ என்று.

இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் என் வகுப்பு. நாற்பது கைகள் எழுந்தன. நான் கூப்பிட்ட ஐந்து பேரும் கணீரென்று பதில் சொன்னார்கள். அவருக்கு மகிழ்ச்சி. அடுத்து தட்டிக்கு அந்தப் பக்கம் போனார். பார்வதி டீச்சர் கேள்வி கேட்டதும் கைகள் எழுந்தன. "எடது கை தூக்கினவாளுக்குத் தெரியாது, சார். அவாளைத்தான் மொதல்ல கேப்பேன்" என்று இன்ஸ்பெக்டரிடமே சொன்னார். எண்ணிப் பார்த்தால் வகுப்பில் பாதி இடது கை. இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. டீச்சரையும் கூட்டிக்கொண்டு தட்டியைத் தாண்டி வந்து, அவர் முன்னிலையிலேயே என்னிடம் கேட்டார்: "உங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுது. அங்க பாதிப் பேருக்குத் தெரியலை. ஏன்?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'என் வகுப்பிலும் பாதி இடது கைதான், சார்.' அதைச் சொல்லியிருக்க வேண்டும். பார்வதி டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடத்துத விதம், சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தில் என் வகுப்புக்கு 'மிக நன்று' என்று எழுதினார். இரண்டாம் வகுப்புக்கு எழுதியதை நான் பல தடவை படித்து மனப்பாடம் செய்திருக்கிறேன்: 'பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாது என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறார்கள். இது திருத்தப்பட வேண்டும்.' அடுத்த வாரமே அவரிடமிருந்து இரண்டாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பெண் பிள்ளைகளின் தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். தண்ணீர் அட்டையைக் கழற்றிச் சுருட்டி அந்தத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

என்னிடம் அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பத்து நாள் பேசவில்லை, அவ்வளவுதான். பதினோராவது நாள் ஃபிளாஸ்கோடு வந்து, "தையலுக்கு நடுவுல ஒரு பீரியட் சும்மா இருக்கேன். உங்க பின்பெஞ்சு காலியா?" என்றார். நான் வெட்கப்பட்டதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க டீச்சர்" என்றேன். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் வருவார். நானும் இடது கையைக் கூப்பிடத் தொடங்கினேன். முதல் நாள் இசக்கியம்மாளைக் கூப்பிட்டபோது அவள் பயந்து அழுதுவிட்டாள். அடி விழப்போகிறது என்று நினைத்திருக்கிறாள். அவளுக்குக் கழித்தலில் கடன் வாங்குவது மட்டும்தான் வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷமும் இன்னொருவர் கண்ணும் தேவைப்பட்டிருக்கிறது.

அவருக்கு ஒரே ஆசை, தன் இரண்டாம் வகுப்பு திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது. அதை அடிக்கடி சொல்லமாட்டார். ஒரு வியாழக்கிழமை காப்பி ஊற்றும்போது, "இந்தக் கைகளுக்கு ஊசியில நூல் கோத்துக் கோத்து அலுத்துப்போச்சு, சார்" என்றார். அன்றைக்கு நான் வாக்குக் கொடுத்தேன். "அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் வரட்டும் டீச்சர். நான் எல்லாத்தையும் சொல்லுதேன். ஒங்க வகுப்பு ஒங்களுக்கு வரும்" என்றேன். "சொல்வேளா?" என்று கேட்டார். "சொல்லுவேன்" என்றேன். டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது பார்வதி டீச்சர் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சயான் சுடுகாட்டிலிருந்து திரும்பிய சாயங்காலமே, இனி யாருக்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டதை நான் மறைக்கவில்லை. வகுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு இன்னொரு 'மிக நன்று' கிடைக்கும்.

இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் என் நாற்காலியில் உட்காரப் போனார். "சார், பின்னால உக்காந்து பாருங்க" என்றேன். விநோதமாகப் பார்த்தார், ஆனால் போய் உட்கார்ந்தார். கேள்வி கேட்டேன். கைகள் எழுந்தன. "எடது கை தூக்கினவங்களுக்குத் தெரியாது, சார். போன தடவை நீங்க வந்தப்பவும் இப்படித்தான். நீங்க முன்னால உக்காந்திருந்ததால உங்களுக்குத் தெரியலை. பக்கத்து வகுப்பு டீச்சர் உண்மையைச் சொன்னாங்க, நான் பொய் சொன்னேன்." பிள்ளைகள் தூக்கிய கையை இறக்கவில்லை. நான் இசக்கியம்மாளின் தம்பியிடம் போனேன், அவனும் இப்போது என் வகுப்பில்தான். "எது வரைக்கும் தெரியுது?" என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தை வாங்கி எழுதினார். அவர் போனதும் பெரிய சார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என் பெயருக்கு நேரே அதே எழுத்து, அதே வாக்கியம்: 'பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாது என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறார்கள். இது திருத்தப்பட வேண்டும்.'

பார்வதி டீச்சருடைய நோட்டுப் புத்தகங்களை அவர் தம்பி எடுத்துக்கொண்டார். ஃபிளாஸ்க் அவர் வீட்டில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் குறிப்புதான். முதலில் அவர் பெயரிலும் பிறகு என் பெயரிலும் எழுதப்பட்டது. நான் அதைத் திருத்திக்கொள்ளப் போவதில்லை.