படம் வராத பக்கம்

தங்கத்தாய் தென்காசியில் கணினி வகுப்பில் சேர்ந்தபோது அவள் கணவர் சங்கரபாண்டி காணாமல் போய் ஒரு மாதம் போல ஆகியிருந்தது.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதன் பிறகு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் தெருவை மறந்தார், கடைசியில் அவளையே யாரென்று கேட்டார். வீரகேரளம்புதூர் வீட்டில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தூங்கியும் தூங்காமலும் அவள் பல மாதம் கழித்தாள்.

சாரல் விழத் தொடங்கிய ஒரு நாள் அவரைக் குற்றாலம் ஐந்தருவிக்கு அழைத்துப் போனாள். சீசன்தோறும் அவர் பந்தோபஸ்துக்கு நின்ற இடம். பார்த்தால் தெளிவு வருமோ என்று ஒரு நப்பாசை. சிப்ஸ் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, பெண்கள் பக்கம் போய் அருவியில் தலையைக் கொடுத்தாள். யாரும் கூப்பிடாமல், யாரையும் தேடாமல் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது. ஈரச்சேலையோடு திரும்பியபோது பெஞ்ச் காலி. கடையில் கூட்டம், கடைக்காரர் கவனிக்கவில்லை.

புகார் கொடுத்தாள். ராணுவத்திலிருந்த மகன் முத்துராஜ் லீவில் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போனான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். யாரோ அதிலிருந்த போன் நம்பரை வெட்டிவிட்டார்கள். பிறகு அதே படம் ‘பிள்ளை பிடிக்கிறவன், உஷார்’ என்ற வரியோடு அவளுக்கே வந்தது. அன்று அவளுக்கு அழுகைகூட வரவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கணினி மையம் நடத்தும் முஹ்ஸினாதான், வேறு யாரும் கைவைக்க முடியாத ஒரு வலைப்பக்கம் செய்துகொள்ளலாம் என்று சொன்னாள். ஆரம்ப வகுப்பில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே தங்கத்தாய் உட்கார்ந்தாள். தலைப்பு வைக்கப் படித்தாள், பத்தி பிரிக்கப் படித்தாள். படம் சேர்க்கும் நாளில், படம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும், கூடவே அது என்ன படம் என்றும் எழுத வேண்டும் என்றாள் முஹ்ஸினா.

“படந்தான் தெரியுதே, அப்புறம் எதுக்கும்மா எழுதணும்?”

“சில போன்ல படம் வராதுக்கா. கண்ணு தெரியாதவங்களுக்கு போன் அதை வாசிச்சுக் காட்டும்.”

தன் போன் நம்பரை மேலே எழுதி, கணவரின் யூனிபார்ம் படத்தைப் போட்டாள் தங்கத்தாய். எழுத வேண்டிய இடத்தில் மனதில் வந்ததையெல்லாம் தட்டினாள்: இடது புருவத்தில் தழும்பு, வலது காலை இழுத்து நடப்பார், எதிரே வருகிற எல்லோருக்கும் சல்யூட் அடிப்பார், பசித்தாலும் கேட்க மாட்டார். திரையில் படம் பளிச்சென்று வந்தது. அன்று முஹ்ஸினா குழந்தைக்குக் காய்ச்சலென்று முன்னதாகவே போய்விட, தங்கத்தாய் தானே பக்கத்தை இணையத்தில் ஏற்றி, அதன் முகவரியைத் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். பக்கத்தை மட்டுமே ஏற்றியிருந்தாள். படம் வகுப்புக் கணினியிலேயே கிடந்தது. அது அவளுக்குத் தெரியாது.

மறுநாள், கைமாறி வந்த அந்த முகவரியைத் திறந்து பார்த்துவிட்டு மாடன் என்பவர் போன் செய்தார். பண்பொழியில் திருமலைக் கோயில் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பவர்.

“அக்கா, படம் ஒண்ணும் வரல, எழுத்துதான் வருது. எல்லாருக்கும் சல்யூட் அடிக்கிறவருன்னு போட்டிருக்கு. அப்படி ஒருத்தர் இங்கன இருக்குதாரு.”

அவர்தான். கோயிலில் போட்ட சாப்பாட்டைத் தின்று, படியோரம் படுத்துக் கிடந்திருக்கிறார். தாடி முகமெல்லாம் மண்டி, கன்னம் ஒட்டி, சட்டையில்லாமல் இருந்தார். தங்கத்தாய் தன் போனிலிருந்த யூனிபார்ம் படத்தைக் காட்டியதும் மாடன் திரும்பத் திரும்பப் பார்த்தார். “இதப் பாத்திருந்தா நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்க்கா,” என்றார்.

சங்கரபாண்டி அவளையும் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். அவள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் அவர், டூட்டி முடியவில்லை, இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு இசக்கிசெல்வியைக் காவலுக்கு வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். நடந்ததைக் கேட்டு முஹ்ஸினாவுக்குக் கண் கலங்கியது. இனி அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. அவுக திரும்பவும் போவாக. என்னால எத்தன நாளு முழிச்சிருக்க முடியும்?”

காலையில் வீட்டு வாசலில் எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தாள். தாடி மழித்த முகம். கண்கள் கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்த்தன. பழைய படத்தை நீக்கிவிட்டு இதைப் பக்கத்தோடு ஒரே இடத்தில் வைத்து, வரியைத் திருத்தி, இந்த முறை முஹ்ஸினா சொன்னபடி இரண்டையும் சேர்த்து ஏற்றினாள். முஹ்ஸினா தன் போனில் திறந்து காட்டினாள். படம் மெதுவாக மேலிருந்து கீழாக வந்தது. தங்கத்தாய் அது முழுதாக வரும்வரை பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையை எடுத்துக்கொண்டாள்.