அப்பாவுக்கு மட்டும் அடித்த கருகல் வாடை

எங்கள் அப்பா கெப்பாலா பத்தாஸில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகே தமக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொண்டார். ஜார்ஜ்டவுனில் வாங்கிய பழைய வீட்டில் எங்கள் நால்வரையும் ஆளாக்கினார். பிடிவாதக்காரர். அதைப் பெருமையாகவே சொல்கிறேன். மூத்த மகளான எனக்கும் அது அப்படியே வந்திருக்கிறது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பிசைந்த சோற்றோடு கையை நிறுத்திக் கூரையைப் பார்த்தார்.

"வயர் கருகுது. உங்க யாருக்கும் மூக்கு இல்லையா?"

எங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஹால் கூரையில் இருந்த லைட் பேனல் நாங்கள் பள்ளிக்குப் போன காலத்தது. மஞ்சளித்து, ஓரம் கறுத்துக் கிடந்தது. எப்படியும் மாற்ற வேண்டியதுதானே என்று வயர்மேன் சேகரை அழைத்தோம். புது பேனலில் வீடு பளிச்சென்று ஆனது. சில நாள்களில் அப்பா மறுபடியும் கூரையைப் பார்த்தார். அறைகளின் பேனல்களையும் மாற்றினோம். வாடை போகவில்லை.

"அண்ணே, மொத்த வயரிங்கும் செக் பண்ணிட்டேன்லா. ஒன்னும் இல்ல," என்றார் சேகர்.

"நீ வீட்டுக்குப் போயிடுவ. இங்க தூங்குறது என் பிள்ளைங்க," என்றார் அப்பா.

அடுத்து ஹால் ஜன்னலில் அசையாமல் பதித்திருந்த பழைய கண்ணாடி அவர் கண்ணில் பட்டது. தீப்பிடித்தால் புகை எப்படிப் போகும், பிள்ளைகள் எப்படித் தப்புவார்கள் என்று அதே பேச்சு. தாமே அதைப் பெயர்த்தெடுத்து, தள்ளித் திறக்கும் கண்ணாடி பொருத்தினார். கைவேலையில் பிசகாதவர், கண்ணாடிக் கடையில் முதல் தடவை அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வயசாகிவிட்டது என்று என் தம்பிகள் கேலி செய்ய, அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, பட்டர்வொர்த் உறவினர் வீட்டுக்கு ஃபெர்ரியில் போனோம். நாலாபுறமும் கடல், முகத்தில் அடிக்கும் காற்று. அப்பா பேச்சைப் பாதியில் நிறுத்தி அம்மாவின் கையைப் பிடித்தார்.

"வயர் கருகுது."

அம்மா அவரையே பார்த்தார்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில், வாசனையை உணரும் இடத்தில் ஒரு கட்டி. இல்லாத கருகலை அதுதான் காட்டுகிறது என்றார் டாக்டர். கை வைக்க முடியாத இடமாம். வீட்டுக்கு வந்து அந்தப் புது விளக்குகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசி நாள்களில் எங்கள் பெயர்கள் அவருக்கு மறந்துபோயின. வாடை மறக்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலுக்கு மேலிருந்த விளக்கைக் காட்டிக் காட்டித் தவித்தார்.

அப்பா இல்லாத இந்த ஓராண்டாக எங்களைத் தாங்கிய உற்றார் உறவினருக்கும், அண்டை வீட்டாருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் வந்த சேகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் கேட்க மறந்த ஒரு தாதிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அப்பா பிரிந்த அன்று காலை அவர்தான் அந்த விளக்கை அணைத்துவிட்டு, காதருகே குனிந்து, "அங்கிள், மெயின் சுவிட்ச் ஆஃப் பண்ணியாச்சு," என்றார்.

"பிள்ளைங்க?" என்று கேட்டார் அப்பா. நாங்கள் நால்வரும் கட்டிலைச் சுற்றித்தான் நின்றிருந்தோம்.

தாதி எங்களை ஒருமுறை பார்த்தார். "எல்லாரும் வெளிய போயிட்டாங்க அங்கிள். யாருக்கும் ஒன்னும் ஆகல."

"சரி," என்றார் அப்பா. அதன் பிறகு அவர் பேசவில்லை.