காய் பலகையில்தான் இருந்தது

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. ஒருவரையும் வாடவிட்டதில்லை.

இப்போது செங் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். ஒருத்தன் ராஜாவாம், ஒருத்தி சூனியக்காரியாம். நேற்று தோற்றுப்போன ராஜா தங்கையை நிஜமாகவே அறைந்துவிட்டான். "கேம்தான் லா பாட்டி" என்று சமாதானம் வேறு. இந்தத் தொண்ணூறுகளில் புதிதாக வந்த ஆட்டம் என்று அவர்களுக்கு நினைப்பு. வெள்ளைக்காரன் காலத்திலேயே நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் ஆடியதுதான்.

பெட்டிப் பலகையில் கரியால் தோட்டத்தை வரைவோம். ரப்பர் விதைதான் காய். ஆளுக்கொரு காய், ஆளுக்கொரு வேஷம். உரசிய புளியங்கொட்டைதான் பகடை. அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். காய் பலகையில் இருக்கும்வரை பேசுவதெல்லாம் வேஷத்தின் பேச்சு. சொந்தப் பேச்சு பேசுவதானால் காயைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியின் மகனுக்குத் துரை வேஷம். என் தம்பி பாலுக்கு மரம் வெட்டுகிற ஆள். துரை மிரட்டினான்: "ஒட்டுப்பாலத் திருடுனது யாருடா? சொல்லலன்னா ஒன் வீட்டுச் சாமானெல்லாம் வெளிய வீசிருவேன்."

மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் பால் தோட்டத்துச் சொத்து. அதில் கைவைத்தவனுக்கு வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். சின்னவனான தம்பி மெய்யாகவே பயந்து, காயை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அழுதான்: "எங்கப்பாதான் கட்டிலுக்கடியில வச்சிருக்காரு. எங்கள வெரட்டிராத."

கங்காணியின் மகன் எழுந்து வீட்டுக்கு ஓடினான்.

நாய் குரைத்தால்கூட வாசலைப் பார்த்தேன். அப்பாவிடம் சொல்ல அக்காவுக்கும் எனக்கும் வாய் வரவில்லை.

பொழுது சாயும் நேரம் கங்காணி மகனோடு வந்தார். நேராக உள்ளே நுழைந்து கட்டிலின்மேல் உட்கார்ந்தார். அப்பா சுவரோடு ஒட்டி நின்றார்.

"காய் பலகையில இருந்தா வேஷப் பேச்சு, கையில இருந்தா சொந்தப் பேச்சாமே?" என்று அக்காவைக் கேட்டார். "ஒந்தம்பி பேசுனப்ப காய் எங்க இருந்துச்சு?"

"பலகையிலதான் ஐயா."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "துரை என்ன சொல்றாரு?"

அவன் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பலகையிலதான்ப்பா" என்றான்.

"அப்ப வெளையாட்டுப் பேச்சு. முடிஞ்சுது." எழுந்தவர் அப்பாவிடம், "கதவச் சாத்தி வைக்காதப்பா, கொஞ்சம் காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் சாமர்த்தியம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒட்டுப்பால் நாற்றம் எத்தனை சாக்கு போட்டு மூடினாலும் அடங்காது. அவர் உட்கார்ந்ததோ அதற்கு நேர் மேலே. கங்காணிக்கும் மூக்கு உண்டு என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

பாப்பா, உன்னை அறைந்த அண்ணன் காதிலும் விழட்டும், இங்கே வந்து இதை வாய்விட்டுப் படி. ஒன்றையும் திருத்தாதே, நான் எழுதினபடியே படி.