ஹில்டாவுக்கு எந்தத் தண்டு?

கோல்ஃப் மட்டைக்குத் தண்டு தெரிந்தெடுத்துக் கொடுக்கிற வேலை, சப்பாத்துக் கடையில் கால் அளவு பார்க்கிற வேலை மாதிரித்தான். ஒரே வித்தியாசம், இங்கே வருகிற ஒவ்வொருவரும் தன் கால் இன்னும் பெரியது என்று சத்தியம் செய்வார்.

கடையில் நின்று பிழைப்பவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டுசல்டோர்ஃபுக்கு வெளியே இருக்கிறது எங்கள் கடை. இரும்பு மட்டைகளின் தண்டுகள் எங்களிடம் நாலு விதம்: பெண்களுக்கு, முதியோருக்கு, சாதாரணம், விறைப்பு. மெதுவாக வீசுகிறவருக்கு வளைகிற தண்டு, வேகமாக வீசுகிறவருக்கு வளையாத தண்டு. இவ்வளவுதான் சாத்திரம். வேகத்தை நிலத்தில் இருக்கும் ரேடார் பெட்டி அளந்து திரையில் காட்டும். பந்து மட்டையில் எங்கே பட்டது என்பதை, மட்டை முகத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் விழும் நீலத் தழும்பு சொல்லும்.

பல் வைத்தியர்

ஒரு பல் வைத்தியர் வந்தார். தண்டில் அதன் விதத்தைச் சொல்லும் எழுத்தை வெள்ளை ஒட்டு ரேப்பால் மூடிக் கொடுத்தேன். அது எங்கள் வழக்கம். எழுத்துத் தெரிந்தால் ஆட்கள் அந்த எழுத்துக்கு ஏற்றபடி வீசத் தொடங்கிவிடுவார்கள். எழுத்துத் தெரியாமல் அடித்ததில் அவருக்கு 'சாதாரணம்' அழகாகப் பொருந்தியது. ரேப்பை உரித்ததும் முகம் கறுத்துவிட்டது. தனக்கு விறைப்புத்தான் வேண்டும் என்றார். என் குரல் தாழ்ந்த குரல்; எதிர்த்துப் பேச வராது. அவர் சொன்னதையே எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் முழங்கையில் பட்டி கட்டிக்கொண்டு எட்டு மட்டைகளையும் திருப்பிக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது புரோபசைட், ஆறு மாதத் தகுதிகாண் காலம். இன்னொரு மட்டை திரும்பி வந்தால் மாத முடிவில் வேலை இல்லை என்று கடையை நடத்தும் எங்கள் ஷெஃப் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். பல் வைத்தியரோ என் மேல்தான் கோபமாக இருந்தார்: "நான் சொன்னதை நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?"

வராத பெண்

அடுத்த செவ்வாய், காலை பதினொரு மணிக்கு முன்பதிவு செய்திருந்த டெர்மினுக்கு ஹெர் லோமன் வந்தார். எழுபது தாண்டியவர், மெலிந்த உடம்பு. மட்டை அவருக்கில்லையாம், மனைவி ஹில்டாவுக்காம். "அவ இன்றைக்கு வர ஏலாது, நான் அவவின் வீச்சை வீசிக் காட்டுகிறேன்" என்றார். ஆள் இல்லாமல் அளவு எடுக்கக்கூடாது என்பது கடைச் சட்டம். ஆனால் நான் மறுத்தால் அது மறுப்பு மாதிரிக் கேட்பதில்லை.

அவர் பாயில் ஏறி நின்றார். இடது தோள் இறங்கியது. மூச்சுச் சத்தம் மாறியது. வீசும்போது இடது குதிகால் மெல்ல எழும்பி, ஒரு பெண் படியிறங்குவது போல நிலத்தில் பட்டது. ஐம்பத்தெட்டு மைல் வேகம். அடுத்ததும் ஐம்பத்தெட்டு. பத்து அடிக்கும் ஐம்பத்தெட்டு. நீலத் தழும்பு பத்தும் மட்டையின் நுனிப்பக்கம், ஒரு சதக் காசுக்குள் அடங்கிக் கிடந்தன. பெரிய ஆட்டக்காரருக்கும் அப்படி விழாது. என் அப்பப்பா சொல்லும் கதைகளில் பேய்க்குக் கால் இருக்காது; இந்த ஆள் நாற்பத்துமூன்றாம் இலக்கச் சப்பாத்துப் போட்டிருந்தார்.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவர் பந்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரோ பேசுவது போலக் காதைச் சாய்த்தார். நான் ஒரு படி இளகிய தண்டை மாற்றிக் கொடுத்தேன். அடித்தார், காதைச் சாய்த்தார், சிரித்தார். "இதுதானாம். அவ சொல்லுறா."

பழைய பதிவு

கணினியில் தேடினேன். ஆறு வருடத்துக்கு முந்திய இரண்டு பதிவுகள் கிடந்தன. கணவருக்கு எழுபத்தொன்பது மைல், தழும்பு நடுவில். ஹில்டாவுக்கு ஐம்பத்தெட்டு, தழும்பு நுனியில். அப்போது அளந்தவர் கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: இடது குதிகால் எழும்புகிறது.

பட்டறையில் தண்டு வெட்டி ஒட்டுகிற சிவா அண்ணையிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"ஆள் உயிரோட இருக்கிறாவோ எண்டு கேட்டனியோ?"

"கேட்கேல்லை, அண்ணை."

"நல்லாயிருக்கு, பிள்ளை. உயரம் கேட்டனி, கையுறை அளவு கேட்டனி, அதை மட்டும் விட்டிட்டாய்." தண்டு அறுக்கும் வாளை எடுத்தவர் நின்று என்னைப் பார்த்தார். "வெட்டினால் பிறகு நீட்டேலாது. உன்ர வேலை போகும்."

திரைக்கு முன்னால் நான் கண்ட பத்துத் தழும்பையும் நினைத்தேன். தண்டு வெட்டும் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் சுவரில் மாட்டியிருந்த சாமிப் படத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு வாளைத் தண்டின் மேல் வைத்தார். "வெட்டுறன். ஆனா இண்டைக்கு நீ என்னைக் காணேல்லை, நான் உன்னைக் காணேல்லை."

ஏழாம் இலக்க மட்டை

மட்டைகளை எடுக்க ஹில்டாவே வந்தா. உயிரோடு, தனியாக, மழைக் கோட்டோடு. எனக்குக் கண்ணீர் வராத குறை. ஷெஃப் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ" என்று ஏழாம் இலக்க மட்டையை நீட்டினேன்.

அவ கால்களை அகட்டி, ஆணி அடித்தது போல நின்றா. குதிகால் அசையவில்லை. காற்றுக் கிழிந்தது. தண்டு வில்லாக வளைந்து, பந்து இடப்பக்க வலையில் போய் மோதியது. எழுபத்தொன்பது. இன்னொன்று. எழுபத்தொன்பது. தழும்பு இரண்டும் நடுவில். இந்தத் தண்டு அவவுக்கு ஈர்க்குச்சி. ஷெஃப் எழும்பி எங்களை நோக்கி நடந்து வந்தார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

ஹில்டா திரையைப் பார்த்தா. திடுக்கிடவில்லை. வீட்டில் வைத்த இடத்திலேயே சாவியைக் கண்டவர் மாதிரித் தலையாட்டினா. போன குளிர்காலம் இருவரும் ஒரே ஆஸ்பத்திரி அறையில் ஒரு மாதம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்களாம். அதற்குப் பிறகு இரண்டு பேரின் வீச்சும் இப்படித்தான் இடம் மாறிக் கிடக்கிறதாம். பிறகு மட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஷெஃபின் காதிலும் விழும்படி சொன்னா: "பிள்ளையில பிழையில்லை. இது அவருக்குச் சரியாயிருக்கும். எனக்கு விறைப்பில இன்னொரு செற் செய்யுங்கோ."

வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனால் படிவத்தில் 'அடிப்பவர் பெயர்' என்ற கட்டத்தை மட்டும் நான் பென்சிலால்தான் நிரப்புகிறேன்.