நீலப்பட்டை மாமா

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மாமா முழங்காலுக்குக் கீழே மழித்துக்கொண்டிருக்கிறார். முகச் சவரம் செய்யும் அதே ரேசர்தான். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு சுத்தமா சவரம் பண்ணிக்கல" என்று கதவோரம் நின்று முணுமுணுக்கிறாள் அக்கா. இன்று நடை ஆய்வகம். நடையைக் கேமரா பதிவதற்காகக் காலில் ஒட்டுகிற பொட்டுகள், முடி இருந்தால் உதிர்ந்துவிடுமாம்.

மாமா என் அக்காவின் கணவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் ஓட்டிய பஸ் பல்கலைக்கழக வாசல்வரை போகும். ஓய்வு பெற்றதும், 'ஆய்வுக்கு ஆட்கள் தேவை' என்று அங்கே ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து உள்ளே நுழைந்தவர், இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. "இத்தனை வருஷம் வாசல்லயே எறக்கி விட்டேன். உள்ள என்னதான் பண்றாங்கன்னு பாக்க வேணாமா?"

பார்த்துவிட்டார். விவசாயத் துறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு தக்காளி மோந்தார். மொழியியல் துறையில் அர்த்தமே இல்லாத சொற்களை வாய் வலிக்க வாசித்தார். கட்டடக்கலைக்காரர்கள் ஒரு புதுக் கட்டடத்துக்குள் விட்டு வெளியே வரச் சொன்னபோது, சமையலறை வழியாக வந்து அவர்கள் கணக்கையே குழப்பினார். உளவியல் துறையில் ஒரு விளையாட்டு. முகம் தெரியாத எதிராளியோடு புள்ளிகளைப் பங்கு போட வேண்டும். இவர் எல்லாவற்றையும் அந்தப் பக்கமே தள்ளிவிட்டார். "சார், கொஞ்சமாவது சுயநலமா இருங்க" என்று கெஞ்சினார்களாம்.

"வீட்ல பல்ப் மாத்தச் சொன்னா இடுப்பு புடிச்சுக்குது. அங்க போய் ஒத்தக் கால்ல நிக்கிறாரு!" என்பாள் அக்கா. ஒற்றைக் கால் உண்மைதான். அது நடை ஆய்வகத்தில். கை நடுங்கி, கால் இழுத்துப்போகிற ஒரு நோயை அங்கே ஆராய்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டும். நோயாளிக்குக் கணுக்காலில் சிவப்புப் பட்டை, மற்றவருக்கு நீலம். மாமா வருடா வருடம் நீலம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக்கே சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறவன். இவரோ, "பஸ் ஓட்டினப்ப ஊரைச் சுத்திப் பாத்தேன். இப்ப என்னையே சுத்திப் பாக்குறேன், மாப்ள" என்கிறார்.

போன தடவை அந்த ஆய்வகத்தில் நடந்தபோது இவர் இடது கால் லேசாக இழுத்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, கேமரா கவனித்துவிட்டது. மருத்துவர் சோதித்துவிட்டு, அதே நோய்தான், ஆரம்பம், மாத்திரையோடு பல வருடம் ஓட்டலாம் என்றார். மாமாவின் கவலை வேறு. மாத்திரை சாப்பிடுகிறவர் வேண்டாம் என்று மற்றத் துறைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. "நல்லா இருக்கிற ஆளுன்னுதானே கூப்ட்டாங்க. இனிமே என்னை யாரு தேடப்போறா?"

நடை ஆய்வகம் மட்டும் வரச் சொன்னது. அதற்குத்தான் இன்று அந்தச் சவரம். அக்கா என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

நீண்ட அறை, தரையில் வெள்ளைக் கோடு, சுவரெல்லாம் கேமரா. வழக்கமாகப் படம் பிடிக்கும் ஆராய்ச்சி மாணவி ஓடி வந்தாள். "அங்கிள், நோய் வர்றதுக்கு முன்னாடி நடந்த நடை இங்க வேற யாருக்குமே பதிவாகல. உங்களுக்குத்தான் எல்லா வருஷமும் இருக்கு. நீங்க விடாம வரணும்" என்றாள். மாமாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அவள் ஒரு கையில் சிவப்பும் மறு கையில் நீலமுமாக அப்படியே நின்றாள். சிவப்பை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

மாமாவே சிவப்பை வாங்கினார். குனிந்து, தன் இடது கணுக்காலில் நிதானமாகக் கட்டிக்கொண்டார். பிறகு நீலத்தையும் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒப்பிட்டுப் பாக்க ஒரு ஆள் வேணுமே" என்றவர், நான் சாக்கு யோசிப்பதற்குள் என் காலைப் பிடித்து இழுத்து, நடுங்கும் விரல்களால் அதை இறுக்கிக் கட்டினார்.