ஒட்டுசுட்டானில் துவக்குப் பார்த்த நாள்

துவக்கு என்று நாங்கள் சொல்லும் பழைய துப்பாக்கியைப் பார்த்து இன்னது என்று சொல்லுகிற தொழிலில் கைக்கு வேலை குறைவு, வாய்க்குத்தான் சங்கடம். மணிக்கூடோ தையல் மெஷினோ, பிறர் வீட்டுச் சாமானுக்கு மதிப்புச் சொல்லிப் பட்டவர்களுக்கு இது விளங்கும். உள்ளதைச் சொன்னால் கொண்டுவந்தவரின் முகம் வாடும். சொல்லாவிட்டால் எங்களுக்கு நித்திரை வராது.

அன்றைக்குச் சங்கக்கடை விறாந்தையில் இருந்தவர்கள்: நான், அரசாங்கக் கச்சேரியிலிருந்து துவக்குகளைப் பதிந்தெழுத வந்த லிகிதர், முல்லைத்தீவில் பழஞ்சாமான் வாங்கி விற்கும் ஹனிபா நானா, முத்தையன்கட்டுச் சின்னராசா, காட்டோரக் குடியேற்றத்துக் காளியம்மா, பன்றிக் காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துவக்குகளோடு வரிசையில் நின்ற கமக்காரர் ஏழு பேர். மொத்தம் பன்னிரண்டு.

நான் மாங்குளத்தில் துவக்குத் திருத்துகிறவன், படிப்பு ஐந்தாம் வகுப்பு. பழைய துவக்குகளை முதலில் நான் பார்த்துத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பேன். லிகிதர் எழும்பி நின்று விறாந்தை முழுக்கக் கேட்க வாசிப்பார். 'எனக்கு அப்படிச் சொல்லவில்லை' என்று பிறகு எவரும் வந்து நிற்கக் கூடாதாம். கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பாது. ஆகவே ஏற்பாடு எனக்கும் வசதியாகத்தான் இருந்தது, அன்றுவரைக்கும்.

மாமா போன யுத்தம்

சின்னராசா கொண்டுவந்தது, செத்துப்போன மாமா வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் பிடித்ததாம். வீட்டில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கையில் எடுத்ததும் எனக்குப் பாரம் காணவில்லை. கட்டை முள்முருக்கு, குழல் தண்ணீர்க் குழாய், மேலே தார் பூச்சு. அடிப்பக்கத்தில் தாரைச் சுரண்டினேன். 'இரண்டாம் சிப்பாய்' என்று வெள்ளை மையால் எழுதியிருந்தது. நாடகத்தில் ஆளுக்கொரு சாமான் மாறாமலிருக்க அப்படித்தான் எழுதுவார்கள்.

'சுடாது. நாடகத் துவக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். லிகிதர் வாசித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் குனிந்து பென்சிலைச் சீவினேன். சின்னராசா மட்டும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரண்டாம் சிப்பாயோ? கூத்திலகூட அந்த மனுசனை முதலாவதா விடேல்லையோ?"

மற்றப் பக்கம் பார்த்த ராசா

ஹனிபா நானா பதிவுக்கு வரவில்லை. கொழும்பில் விற்க வாங்கி வைத்த ஒன்றுக்கு மதிப்புக் கேட்டு வந்தவர். பிடியில் பித்தளைத் தகடு, தகட்டில் ராசாவின் தலை. பார்வைக்கு நூறு வயது. ஆனால் ராசாவைச் சுற்றியிருந்த எழுத்துகள் வலமிடமாகத் திரும்பி நின்றன. இங்கிலிசு எனக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்துகளின் முகம் தெரியும். யாரோ ஒரு கொல்லர் பழைய நாணயத்தை வைத்துத் தகட்டில் அடித்திருக்கிறார்.

நானாவிடம் ராசா தலை போட்ட பழைய சதக் காசு ஒன்றை வாங்கித் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். ஒரு ராசா வலப்பக்கம் பார்த்தார், மற்றவர் இடப்பக்கம். நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"வாங்கின அண்டைக்கு ராசா நேராத்தானே அண்ணை பாத்தவர்!"

சாக்குக்குள் இருந்தது

காளியம்மா மலையகத்திலிருந்து கலவரத்தில் ஓடி வந்தவர். கடலைத் தோட்டம், ஒரு குடிசை, இரண்டு குமர்ப் பிள்ளைகள். புருசன் காய்ச்சலில் போய் எட்டு மாதம். பதியாத துவக்கு வைத்திருந்தால் வழக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயந்து, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

ஆயுத பூசைக்கு ஆயுத பூசை சந்தனம் அப்பி, இரும்பு தெரியாமல் இருந்தது. ஈர்க்கால் கிளறினேன். உள்ளே ராசாவின் முடிச் சின்னம், விளிம்பு கலையாமல் கூராக இருந்தது. வார்த்து எடுத்த போலி என்றால் அது மழுங்கித் தெரியும். திருகாணித் தலைகளில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை, கையால் அரிந்தவை. கட்டை இந்த நாட்டு மரமில்லை. நான் அதுவரை தொட்டதில் உண்மையான பட்டாளத் துவக்கு அது ஒன்றுதான். ஆனால் நெருப்புப் போகிற துவாரத்தில் ஈயம் ஊற்றி, குழலின் அடிவரைக்கும் அடைத்திருந்தார்கள். பங்களாச் சுவரில் அழகுக்குத் தொங்கவிடச் செய்த வேலை.

"தொரை ஊருக்குப் போறப்ப எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்ததுங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குடிச்சிட்டு வர்றவனுங்க வாசல் வரைக்கும் வருவானுங்க. உள்ள இது தொங்குறதப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவானுங்க. அதுல ரெண்டு பேரு இந்த வரிசையிலயே நிக்கிறானுங்க."

பட்டாளத் துவக்கு, சுடும் என்றால் வீட்டில் வைக்க விடமாட்டார்கள்; அப்படிப் பொய் எழுதினால் துவக்குப் போய்விடும், வழக்கும் வரும். சுடாது என்று லிகிதர் வாசித்தால் குடிசைக்குக் காவல் போய்விடும். காளியம்மாவுக்கும் அது விளங்கியிருந்தது.

"பொய் எழுத வேணாங்கய்யா. சத்தமா மட்டும் சொல்லிடாதீங்க."

ஒரு சோடி மாடு

நானா எனக்குப் பின்னால் நின்று ஈயத்தையும் கண்டார், முடியையும் கண்டார். தன் துவக்கில் பட்ட அடி ஆறாத மனுசன்; இருந்தாலும் ஏமாற்ற நினைக்கவில்லை. இதைக் கொழும்பில் கொடுத்தால் ஒரு சோடி உழவு மாடு வாங்கலாம், அந்தக் காசை இப்பவே தாறன் என்றார். நியாயமான மதிப்பு. நானும் ஓம் என்று தலையசைத்தேன்.

காளியம்மா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்தவரின் மாட்டுக்குக் காத்திருந்து பிந்தி உழுகிறவர். சாக்கின் நூலைப் பிடுங்கிப் பிடுங்கி யோசித்தார். பிறகு துவக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாடு வாசல்ல நின்னா எவன் நானா பயப்படுவான்?"

துண்டு வாசித்தது

நான் எப்போதும் சுடும், சுடாது என்பதை முதலில் எழுதுகிறவன். அன்றைக்கு மட்டும் கடைசியில் எழுதினேன்: 'பழைய பட்டாளத் துவக்கு. நீளக் குழல். இரும்பு வளையம் மூன்று. சுடாது.' ஒன்பது சொற்கள், ஒன்றும் பொய்யில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

லிகிதர் எழும்பினார். "பழைய பட்டாளத் துவக்கு!" வரிசையில் சத்தம் நின்றது. "நீளக் குழல். இரும்பு வளையம் மூன்று." கடைசிச் சொல்லில் அவர் கண் நின்றது. துண்டைப் பார்த்தார், காளியம்மாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அந்தச் சொல்லைப் பதிவுப் புத்தகத்தில் மட்டும் தெளிவாகப் பதிந்தார். துண்டை நாலாய் மடித்துக் காளியம்மாவின் கையில் கொடுத்தார். நானா தன் பங்குக்கு, "தங்கச்சி, கவனமாத் தூக்குங்கோ, பாரமான சாமான்!" என்று உரத்துச் சொன்னார். வரிசையில் இரண்டு பேர் விலகி வழி விட்டார்கள்.

"அடுத்த ஆள் வாங்கோ!" என்றார் லிகிதர்.

அந்தத் துவக்கின் பெறுமதி என்ன என்று என்னை யாரும் கேட்டால் இப்போதும் என் கணக்கு இதுதான்: எழுதிய சொல் ஒன்பது, வாசித்த சொல் எட்டு, மிச்சம் ஒன்று.